குளிர்காலக் கைட்சர்ஃபிங்: வெட்சூட் பார்த்து வாங்குவது எப்படி?

கல்பிட்டியிலோ ராமேஸ்வரத்திலோ அரைக்கால் சட்டையோடு கைட் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவது) பழகியவர்கள் இங்கிலாந்துக்கு வந்ததும் முதலில் கேட்பது, “எத்தனை மில்லிமீட்டர் சூட் வாங்கணும்?” என்றுதான். வெட்சூட் என்பது குளிர்நீரில் உடம்போடு ஒட்ட அணியும் ரப்பர் உடை; மில்லிமீட்டர் அதன் தடிமன். அந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்டால் போதும். தொளதொளவென்ற 6 மி.மீ. சூட்டைவிட, உடம்போடு ஒட்டிய 5 மி.மீ. சூட் நன்றாகக் குளிர் தாங்கும். கைட் ஓட்டவும், விழுந்தால் தானே கரைசேரவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எந்தக் கடல், எந்த மாதம்

கடல் மெதுவாகத்தான் ஆறும். அதனால் நீர் மிகவும் குளிர்ந்திருப்பது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி–மார்ச்சில். தெற்கே கேம்பர் சாண்ட்ஸ் போன்ற ஆங்கிலக் கால்வாய்க் கரைகளில் அப்போது ஏறக்குறைய 7–9 டிகிரி இருக்கும். கிழக்கே நார்ஃபோக் பக்கம் 5–6 வரை இறங்கும். அக்டோபருக்கு 4/3 போதும். பிப்ரவரிக்கு 5/4 அல்லது 6/4 வேண்டும். முதல் எண் மார்பு, முதுகுப் பகுதியின் தடிமன், அடுத்தது கைகால்களுக்கு.

ஓட்டும்போது குளிராவிட்டால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். கைட் விழுந்து, கரைக்கு நீந்தும் நேரத்தை வைத்துப் போடுங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு 1–10–1 என்றொரு கணக்கு உண்டு: மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். சூட் அந்த நடு எண்ணை நீட்டித்துத் தருகிறது.

2. அளவு (இங்கே அவசரப்படாதீர்கள்)

சூட்டின் நியோப்ரீன் ரப்பர் நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. சூட்டுக்குள் புகுந்த நீர் மெல்லிய படலமாக அங்கேயே நின்றால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு முறை விழும்போதும் அது வெளியேறி, புதுக் குளிர்நீர் உள்ளே வந்தால், உடம்பு திரும்பத் திரும்ப அதைச் சூடாக்கியே களைத்துவிடும்.

அட்டவணையில் உயரத்தையும் மார்பளவையும் முதலில் பாருங்கள், எடையைப் பிறகு. கடையில் போடும்போது காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் சுலபமாக வழுக்கி ஏறும். போட்டபின் பத்து நிமிடம் கழற்றாமல் இருந்து இவற்றைப் பாருங்கள்:

- முதுகின் கீழ்ப்பள்ளம்: நிமிர்ந்து நின்று பின்னால் சற்று வளையுங்கள். அங்கே சூட் எழும்பி நின்றால் அது தண்ணீர்த் தொட்டி. வேறு அளவைப் பாருங்கள்.
- அக்குள், கவட்டை: தொங்கக் கூடாது.
- தோள்: பார் (கைட்டை இயக்கும் கைப்பிடித் தண்டு) பிடிப்பதுபோல இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். மணிக்கட்டு வெளியே வந்தால் கை நீளம் போதாது.
- மூச்சு: நெஞ்சு நிறைய இழுக்க முடிய வேண்டும். விரல் மரத்துப்போனால் சூட் சிறியது. ரத்த ஓட்டம் குறைந்தாலும் கை விறைக்கும்.

இத்தனையும் தேறிய சூட்டுகள் கடலில் கைவிடக் காரணம் ஹார்னஸ், அதாவது கைட்டை நம் உடம்போடு பிணைக்கும் பட்டை. இடுப்பு ஹார்னஸ் மேலே ஏறும்போது சூட்டையும் இழுத்து, முதுகில் மடிப்பு விழ வைக்கும். கழுத்து வழியே வரும் நீர் அந்த மடிப்புகளில்தான் ஓடும். ஆகவே ஹார்னஸைக் கடைக்கே எடுத்துப் போய், சூட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டி, கொக்கியை யாரையாவது மேல்நோக்கி இழுக்கச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

3. தையல்

தட்டையான, இருபுறமும் நூல் தெரியும் தையல் கோடைக்கானது. ஊசி துளைத்த இடமெல்லாம் ஒழுகும். குளிர்காலத்துக்குப் பசையிட்டு, பாதித் தடிமன் மட்டும் ஊசி இறங்கும் தையல் வேண்டும். உள்ளே டேப்போ திரவ ரப்பரோ பூசியிருந்தால் இன்னும் நல்லது.

4. வெளிப்புறம்

அலைச்சறுக்குக்காரர் பாதி நேரம் நீருக்குள் கிடப்பார். நாம் காற்றில் நிற்கிறோம். துணி ஒட்டிய நியோப்ரீன் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது ஆவியாகும்போது உடல் வெப்பத்தை உறிஞ்சும். மார்பிலும் முதுகிலும் வழவழப்பான ரப்பர் மேற்பரப்பு இருந்தால் நீர் வழிந்தோடிவிடும், காற்றும் நுழையாது. ஆனால் நகம் பட்டாலே கிழியும். ஹார்னஸ் உரசும் இடத்தில் துணி ஒட்டியதே இருக்கட்டும்.

5. ஜிப்

என் தேர்வு மார்பு ஜிப். முதுகு ஜிப் போடுவதற்கு எளிது, ஆனால் வேகமாக விழுந்தால் முதுகெலும்பு நெடுகக் குளிர்நீர் இறங்கும்.

6. தலை, கால், கை

காசு குறைவா? முதலில் 3 மி.மீ. ஹுட் (தலையுறை) வாங்குங்கள். அதன் கழுத்துப் பகுதி சூட்டுக்கு உள்ளே போக வேண்டும். குளிர்நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டால் காதுக்குள் எலும்பு வளர்ந்து துவாரம் அடைபடலாம். ஹுட் அதற்கும் காப்பு. பூட்ஸ் 5 மி.மீ., சூட்டின் கால் அதற்கு மேலே வரட்டும். போர்டின் கால்பட்டையைத் தளர்த்த மறக்காதீர்கள்.

தடித்த கையுறை கூடவே கூடாது. 5 மி.மீ. கையுறையோடு பாரைப் பிடித்தால் ஒவ்வொரு நொடியும் ரப்பரை மடக்கவே விரல்கள் பாடுபடும். சற்று நேரத்தில் முன்கைச் சதை கல்லாகும். உள்ளங்கை திறந்த மிட்டன் (விரல்கள் பிரியாத கையுறை), அல்லது விரல் வளைந்தபடியே தைத்த 3 மி.மீ. கையுறை போதும். எதை வாங்கினாலும், அதைப் போட்டுக்கொண்டு கரையில் குவிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டை விடுவிக்கும் பிடியை) தள்ளிப் பாருங்கள். தள்ள முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையுறையின் விளிம்பு சூட் கைக்கு உள்ளே இருக்க வேண்டும். “இரண்டாவது கையை எப்படிப் போடுவது?” என்று பலருக்குச் சந்தேகம். இரு சூட் கைகளையும் முதலிலேயே நான்கு விரற்கடை மேலே மடித்துவிட்டு, கையுறைகளைப் போட்டு, பிறகு மடிப்பை இறக்குங்கள்.

பிற்சேர்க்கை: பழைய சூட்

பழைய சூட் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: நியோப்ரீன் நாளடைவில் குமிழி நசுங்கி இறுகும். இழுத்துப் பாருங்கள், அட்டைபோல விறைத்தால் வேண்டாம். தையலைச் சோதிக்க, கை நுனியை முறுக்கி மூடி, உள்ளே காற்றைச் சிறைப்படுத்தி, வெளியே சோப்பு நீர் தடவி அழுத்துங்கள். நுரை வரும் இடம் ஒழுகும். ஓரிரண்டு இடமென்றால் நியோப்ரீன் பசை போதும். தோளைச் சுற்றி வரிசையாக நுரைத்தால் விட்டுவிடுங்கள்.