கட்டண வகுப்பும் குழுவும்: எந்தத் தளத்தில் தொடங்கலாம்?

மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் எங்கள் மைனி (அண்ணி), தேனீ வளர்ப்பை ஆன்லைனில் கட்டணம் வாங்கிச் சொல்லித்தருகிறார். தளம் பார்த்து அமைத்துக் கொடுத்தது நான். தையல், டியூஷன் என்று எதற்கும் இதே வழிதான். வீடியோ எடுப்பது பற்றி இங்கே பேசப்போவதில்லை.

படி 1: பணம் எப்படி வரும் என்று பாருங்கள்

எல்லாரும் டிசைனைப் பார்த்து மயங்குகிறார்கள். நீங்கள் பணம் கட்டும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவும் ஸ்ட்ரைப் அல்லது பேபால் வழியாகத்தான் பணம் வாங்கும். ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்கு தருகிறது. பேபால், உள்நாட்டுக்குள் பணம் கட்டும் சேவையை 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு, 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும். குலசேகரத்து ரப்பர் தோட்டக்காரர் கார்டு எண்ணைத் தட்டிவிட்டு, "அண்ணே, பைசா போவல்லியே" என்று போன் போடுவார். அவருக்கு வேண்டியது யுபிஐ.

அதனால் யுபிஐ எடுக்கும் இந்தியத் தளம் (கிராஃபி போல), அல்லது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ரேசர்பே நிறுவனத்தின் பேமென்ட் பக்கம். என் ஓட்டு இரண்டாவதுக்கு. பான் கார்டு, வங்கி விவரத்தோடு பணத்தைத் திருப்பித் தரும் விதி, தொடர்பு முகவரி எல்லாம் உள்ள ஒரு சின்ன வெப்சைட்டும் கேட்கலாம். அதை முதலிலேயே தயார் செய்யுங்கள். ரேசர்பே பிடிக்கும் வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 1500 ரூபாய் வகுப்பில் 35 ரூபாய் 40 காசு போகும்.

விளம்பரம் செய்யும் முன் 10 ரூபாய்க்கு ஒரு டம்மி வகுப்பு போட்டு, வேறொருவர் போனிலிருந்து ஜிபேயில் கட்டச் சொல்லுங்கள். திரையில் பச்சை டிக் வந்ததோடு விடாமல், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழும்வரை பாருங்கள்.

படி 2: மாதச் சந்தாவா, ஒரே தடவையா?

சந்தா வேண்டாம் என்பேன். தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போக வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் ரத்து செய்யத்தான் பார்ப்பார்கள். மைனி சீசனுக்கு ஒரு தொகை வாங்குகிறார். ரப்பர் தளிர்விடும் பிப்ரவரி, மார்ச்சில்தான் இங்கே தேன் வரத்து. அப்போதுதான் சந்தேகமும் குவியும்.

படி 3: குழு

வீடியோ எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். யூடியூபில் அன்லிஸ்டட் (தேடலில் வராதபடி) போட்டாலும் போதும். லிங்க் கிடைத்தவர் எவரும் பார்ப்பார் என்பது தெரிந்தே போடுங்கள். குழுவுக்கு டெலிகிராம். குழு செட்டிங்ஸில் டாபிக்ஸை இயக்கினால் ராணித் தேனீ, நோய், பெட்டி விற்பனை என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். தேனடையைப் போட்டோ பிடித்து, "இது புழுவா, முட்டையா மைனி?" என்று கேட்பவருக்குப் பதில் உடனே வேண்டும், பாடத் தளத்தின் கமென்ட் பெட்டியில் அது நடக்காது.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப் போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். குழுவில் சேர்ந்த பெண்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் குட் மார்னிங் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். டெலிகிராமில் செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர் என்று போய் 'நோபடி' வைத்து நம்பரை மறைக்கலாம். சேர்ந்த அன்றே ஒவ்வொருவரையும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.