எழுதவும் ஓட்டவும் ஒரே பக்கத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள வீட்டில் இருந்து ஒரு சின்னக் கர்னல், அதாவது இயக்க முறைமையின் மையப் பகுதி, எழுதி வருகிறேன். எக்ஸ்86-64 புரொசெசருக்கானது, ஓட்டிப் பார்ப்பது கணினியைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில். ஆரம்பத்தில் நினைவகத்தின் எல்லாப் பக்கங்களிலும் (அனுமதி கொடுக்கும் துண்டுகள்) எழுதலாம், எல்லாவற்றையும் ஓட்டலாம் என்று விட்டிருந்தேன். ஒருநாள் பிழையான பொயின்டர் (நினைவக விலாசம்) ஒன்று டைமர் கோடின் மேலேயே எழுதிவிட்டது. கர்னல் அந்த இடத்தில் விழாமல் வேறெங்கோ போய் விழுந்தது. காரணத்தைப் பிடிக்க 2 இரவுகள் போயின. பக்கம் பூட்டியிருந்தால், எழுதிய அந்த வரியிலேயே பேஜ் ஃபால்ட், அதாவது புரொசெசரின் தடை அறிவிப்பு, வந்திருக்கும். தாக்க வருபவருக்கும் கதவு அதேதான்.

நினைவகத்தில் எது எங்கே இருக்கும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டில் வேலையைத் தொடங்குங்கள். கோட், மாறாத தரவு, மாறும் தரவு மூன்றும் தனித்தனியே 4096 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். அனுமதி பக்கத்துக்குத்தான், பாதிப் பக்கத்துக்கு இல்லை. பிறகு, பக்கங்களின் விலாசமும் அனுமதியும் இருக்கும் பேஜ் டேபிளில் கோடுக்கு 1ஆம் பிட்டை, அதாவது எழுதும் அனுமதியை, எடுத்துவிடுங்கள். தரவுக்கும் ஸ்டாக்குக்கும் 63ஆம் பிட்டைப் போடுங்கள். அதன் பிறகு அங்கே கோட் ஓடாது. மாறாத தரவுக்கு இரண்டையும் செய்யுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். புரொசெசரின் ஈஎஃப்இஆர் பதிவகத்தில் 11ஆம் பிட் போடாவிட்டால், 63ஆம் பிட் ஒதுக்கப்பட்ட பிட்டாகிவிடும். அந்தப் பக்கத்தைத் தொட்டதும் ஃபால்ட். சிஆர்0 என்ற இன்னொரு பதிவகத்தில் 16ஆம் பிட் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்: வாசிக்க மட்டும் என்று குறித்த பக்கத்திலும் கர்னல் தாராளமாக எழுதும், சத்தமே வராது.

என்னோடு சேர்ந்து இதைப் படிக்கும் தம்பி ஒருவர், நான் எல்லாம் முடித்த பிறகு கேட்டார்: "அக்கா, கோடைப் பூட்டிட்டீங்கள். அதே ஃபிரேமுக்கு இன்னொரு விலாசமும் இருக்கெல்லோ?" இருந்தது. ஃபிரேம் என்பது பக்கம் உண்மையில் இருக்கும் நினைவகத் துண்டு. முழு நினைவகத்தையும் இன்னொரு விலாச வரிசையில் நேரடியாக மேப் செய்திருந்தேன். அந்த விலாசத்தில் என் கோட் இன்னும் எழுதக்கூடியதாகவே கிடந்தது. பலர் தவறவிடும் இடம் இதுதான். ஒரு ஃபிரேமைப் பூட்டினால் அதன் எல்லா மேப்பிங்கையும் தேடிப் பூட்டுங்கள். நேரடி மேப் 2 எம்பி பக்கங்களில் இருந்தால், முதலில் அவற்றை 4 கேபி பக்கங்களாக உடைக்க வேண்டிவரும்.

மாற்றிய பின், பேஜ் டேபிளின் பழைய பதிவுகளை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பியைத் துடைக்க மறக்காதீர்கள். பேஜ் டேபிளைக் காட்டும் சிஆர்3 பதிவகத்தை மறுபடி ஏற்றினாலும், குளோபல் என்று குறித்த பக்கங்களின் பதிவுகள் அப்படியே இருக்கும். அவற்றுக்கு இன்வ்எல்பிஜி கட்டளை வேண்டும், மற்ற கோர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். ஓடும்போதே மொடியூல் (கர்னலில் சேரும் கூடுதல் கோட்) ஏற்றுவதானால் எழுதி முடியுங்கள், எழுதும் அனுமதியை எடுங்கள், துடையுங்கள், அதற்குப் பிறகுதான் ஓட்டும் அனுமதி.

சரி, சோதனை. பூட் முடிவில் பேஜ் டேபிள் முழுவதையும் நடந்து பார்த்து, எழுதவும் ஓட்டவும் முடிகிற பக்கம் ஒன்று கண்டாலும் நிறுத்தும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். லினக்ஸிலும் இதே வேலைக்கு டீபக்_டபிள்யூஎக்ஸ் என்ற அமைப்பு உண்டு. அப்புறம் வேண்டுமென்றே கோடின் மேல் ஒரு பைட் எழுதுங்கள்: பேஜ் ஃபால்ட்டோடு எரர் கோட் 3 வர வேண்டும். ஸ்டாக்கில் ஒரு ரிட்டர்ன் கட்டளையை வைத்து அங்கே குதியுங்கள்: 17. எனக்கு முதல் தடவை 3க்குப் பதில் ஒன்றுமே வரவில்லை. சிஆர்0 பிட்டைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினேன், வந்தது.