ஆர்டிஐ மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் ரோடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வந்த கோபத்தில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்டிஐ) ஒரு மனு எழுதிப் போட்டேன். ‘ரோடு ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?’ ஒரே வரியில் பதில் வந்தது: ‘மனுவில் கோரியிருப்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது.’ எரிச்சலாக இருந்தது. ஆனால் அலுவலர் சொன்னதில் தப்பில்லை. மனு எழுதத் தெரியாதவன் நான்தான்.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தருவது, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை. இல்லாத தகவலைத் தயாரித்துத் தரவோ, கருத்தோ ஆலோசனையோ சொல்லவோ அலுவலருக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் சொல்லிவிட்டது. (திருத்திய விடைத்தாளை மாணவர் பார்க்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.)

சரி, ‘ஏன்’ என்பதை எப்படிக் கேட்பது? அதற்கான பதில் எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று யோசித்து, அந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும். இரண்டாவது மனுவில் தெருப் பெயரும் பணி நடந்த ஆண்டும் குறிப்பிட்டு, மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், பில், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல் கேட்டேன். இதில் முக்கியமானது அளவீட்டுப் புத்தகம். ஆபீஸில் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் பாஸாகும். அதில் எழுதியிருக்கும் கனத்தை வைத்துக்கொண்டு, பெயர்ந்து கிடக்கும் துண்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ‘ஏன்’ என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஆவணங்களை நேரில் போய்ப் பார்க்கவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூடச் சட்டத்தின் 2(j) பிரிவு இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாது.

இன்னொரு தவறு, மனுவிலேயே புகாரையும் சேர்த்துவிடுவது. ‘உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வரிக்கு ஆர்டிஐயில் வேலையே இல்லை. புகாரைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் தனியாகக் கொடுங்கள். சில வாரம் பொறுத்து ஆர்டிஐ போட்டு, அந்தப் புகார் எந்தெந்தத் தேதியில் யாரிடம் போனது, கோப்பில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று நகல் கேளுங்கள். தூங்கும் கோப்பு பெரும்பாலும் அப்போதுதான் கண் விழிக்கும்.

சங்கத் தலைவர் என்று லெட்டர்பேடில் எழுதாதீர்கள்; உரிமை குடிமக்களுக்குத்தான், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு போஸ்டல் ஆர்டர். இதை மாற்றி அனுப்பினால் மனு திரும்பி வரலாம். துறை தவறிப் போனால் மட்டும் பயம் வேண்டாம், ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு.

நிறைய பேர் கோட்டை விடுவது தேதியில். பதில் தர 30 நாள். வரவில்லை என்றால் மறுத்ததாகவே கணக்கு. அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு போட வேண்டும். நம்மவர்கள் ‘இன்னும் பத்து நாள் பார்ப்போம்’ என்று காத்திருந்தே அதை விட்டுவிடுவார்கள். மனு போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை ஜெராக்ஸோடு சேர்த்துக் குத்தி வைத்து, காலண்டரில் இரண்டு தேதியையும் வட்டம் போட்டுவிடுங்கள். கெடு தாண்டிய பிறகு தகவல் தந்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

முதல் மேல்முறையீட்டிலும் தகவல் கிடைக்காவிட்டால் அடுத்தது தகவல் ஆணையம், 90 நாளுக்குள். இங்கேயும் ஒரு குழி உண்டு. ஆணையத்துக்கு 18-ஆம் பிரிவில் புகாரும் அனுப்பலாம், 19(3)-இல் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். கோபத்தில் இருப்பவர் புகாரைத்தான் எழுதுவார். அதில் அலுவலருக்கு அபராதம் விழலாம், நாளுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 வரை. ஆனால் புகாரை வைத்து ஆணையம் தகவலைக் கொடுக்கச் சொல்ல முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. எம்-புக் நகல் கைக்கு வர வேண்டும் என்றால் தலைப்பில் ‘இரண்டாம் மேல்முறையீடு, பிரிவு 19(3)’ என்று எழுதுங்கள். அபராதத்தையும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம்.