போரை விடுங்கள், முதலில் கல்லறைக்குப் போங்கள்

நம்ம குமரி மாவட்டத்துப் பழைய ஆட்களைப் பற்றி எழுத உட்காருகிற எல்லாரும் 1741, குளச்சல் போர், டச்சுப்படை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதை ஏன் திரும்ப எழுதணும்? தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் நடங்கள். இடிந்த தேவாலயத்துக்குள் அந்த டச்சுப்படைத் தளபதி டிலனாயின் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பக்கத்திலேயே மனைவியும் மகனும்.

வருஷங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குளச்சலில் பிடிபட்டவர், பிடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கினார். அடுத்த ராஜா காலத்தில், 1765இல், களக்காட்டுச் சண்டையில் மகன் செத்தான். அப்பா இறந்தது 1777இல். நடுவில் பன்னிரண்டு வருஷம். எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், பக்கத்தில் இருந்த இன்னொருவர் வாழ்க்கையையும் இதோடு சேர்த்து வையுங்கள். நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அரண்மனை உத்தியோகஸ்தர். வீட்டில் கஷ்டம் வந்தபோது டிலனாய்தான் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார் (2022இல் புனிதர் பட்டம் வந்த பிறகு எழுதியவர்களில் பலர் இந்த அம்மாளை மறந்தே போனார்கள்). 1752இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். டிலனாயோ அதே ராஜாவிடம் தொடர்ந்து வேலை பார்த்தார். ஏன் என்று நீங்களாக ஒரு காரணம் கட்டிவிடாதீர்கள், இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதினாலே வாசிக்கிறவருக்கு உறைக்கும்.

புலியூர்க்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் தேவசகாயம் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் வந்ததாகச் சொல்வார்கள். அதை வெட்டாதீர்கள், 'சொல்வார்கள்' என்ற சொல்லோடு அப்படியே போடுங்கள்.

வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிற பழைய ஆதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போன பாட்டா யாராவது அகப்பட்டால் வெற்றிலை வாங்கிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தேதி கொல்லம் ஆண்டில் (மலையாளக் கணக்கு) இருக்கும், ஆங்கில வருஷத்துக்கு 825ஐக் கூட்டணும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை என்றால் 824தான். நான் ஒருமுறை இதில் பிசகி, ஒரு குடும்பத்துப் பெரியவருக்குப் பிள்ளை பிறந்த பிறகு கல்யாணம் நடத்திவைத்துவிட்டேன், அவர்கள் வீட்டில் இன்றைக்கும் என்னை உட்காரச் சொல்வதில்லை.