கன்சியூமர் புரொபோசல் ஓடும்போது ஒன்ராறியோவில் வாடகை வீடு எடுப்பது

கன்சியூமர் புரொபோசல் என்பது, கடனில் ஒரு பகுதியைத் தவணையாகக் கட்டித் தீர்க்க, உரிமம் பெற்ற ட்ரஸ்டி மூலம் கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்யும் ஏற்பாடு. அதைப் போட்டதைக் காரணம் காட்டி, நீங்கள் இருக்கிற வீட்டின் லீஸை வீட்டுக்காரர் முறிக்க முடியாது. வங்குரோத்துச் சட்டம் அதைத் தடுக்கிறது. புதுவீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கிரெடிட் பார்த்து மறுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆகவே இருக்கிற வீட்டில் தொடர வழியிருந்தால் தொடர்வதே நல்லது. மாறித்தான் ஆகவேண்டுமென்றால், விளம்பரம் பார்ப்பதற்கு முன்பே வேலை தொடங்குகிறது.

முதலில் ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு கிரெடிட் நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை எடுங்கள். இலவசம், ஸ்கோரும் இறங்காது. புரொபோசலில் சேர்ந்த கடன்கள் ஆர்7 (ஏற்பாட்டின்படி கட்டப்படுகிறது) என்று இருக்கவேண்டும். பல தடவை ஏதோவொரு கார்ட் கம்பெனி அதைத் திருத்தாமல், ஆர்9 (வராக்கடன்) என்றும் முழுத்தொகை பாக்கி என்றும் விட்டிருக்கும். பார்க்கிற ஏஜென்ட் புரொபோசல் தவணையையும் கணக்கிடுவார், அந்தப் பாக்கியையும் கணக்கிடுவார். ட்ரஸ்டியிடம் பதிவுச் சான்றிதழும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலும் வாங்கி, அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். சில வாரம் பிடிக்கும். ‘புரொபோசல் முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று காத்திருப்பதில் பெரிய லாபமில்லை: கட்டி முடித்த பிறகும் ஈக்விஃபாக்ஸில் அது மூன்று வருடம்வரை நிற்கலாம்.

மறைக்கவேண்டாம். ரிப்போர்ட் கேட்பார்கள், தெரிந்துவிடும். அப்போது கடனைவிட மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும். விண்ணப்பத்தோடு நாலு வரிக் கடிதம் போதும்: ‘2024 ஜூனில் புரொபோசல் பதிந்தேன். மாதம் 310 டொலர், ஒரு தவணையும் தவறவில்லை. வாடகை பிந்தியதில்லை. புதிய கடன் எதுவும் இல்லை.’ ஏன் கடன் வந்தது என்ற கதை வேண்டாம். கடிதத்தோடு ட்ரஸ்டி தரும் கட்டண விபரம், வேலைக் கடிதம், கடைசிச் சம்பளத் துண்டுகள், வரி மதிப்பீட்டுக் கடிதம், ஒரு வருட வாடகை ரசீது. இவற்றில் கனமானது ரசீதுதான். வீட்டுக்காரரின் பயம் வாடகை வராமல் போவது பற்றியது. கையில் காசாகக் கட்டுகிறவர்கள் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கட்டணமில்லாமல் கொடுக்கவேண்டும் என்பது சட்டம்.

முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து இரண்டு மாத வாடகை கையில் வேண்டும். கார்டில் எடுக்க வழியில்லாத உங்களுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி. மாறுவதற்குப் பல மாதம் முன்பே தனிக் கணக்கில் சேர்க்கத் தொடங்குங்கள். டெபாசிட்டாக, அதாவது அந்தக் கடைசி மாத வாடகையாக, ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. சேதத்துக்கான டெபாசிட் சட்டவிரோதம். சாவிக்கு வாங்கலாம், அதன் உண்மையான விலைக்குள், திருப்பித் தரும் நிபந்தனையில். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயமாக்க முடியாது. கிரெடிட் சரியில்லை என்று ஆறு மாதம் முன்கூட்டிக் கேட்டால் அதுவும் விதிக்குப் புறம்பு. கரன்டர், அதாவது உங்களுக்காகப் பிணை நிற்பவர், கேட்பது மட்டும் செல்லும். ஆனால் கையெழுத்துப் போடுகிற அண்ணனுக்கோ மச்சானுக்கோ வாடகை முழுவதும் தன் தலையில் விழலாம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

ஸ்காபரோ, பிரம்டன், ஏஜக்ஸ் பக்கம் தெரிந்தவர் மூலம் பேஸ்மென்ட் கிடைப்பது சுலபம். கிரெடிட்டும் பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள். அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள். சமையலறையோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொதுவா? பொதுவென்றால் வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தாது. மேலே சொன்ன டெபாசிட், ரசீது பாதுகாப்புகள் எதுவும் இல்லை. இந்தப் பேஸ்மென்ட்டில் முதன்முதலில் ஆட்கள் எப்போது குடியிருந்தார்கள்? 2018 நவம்பர் 15க்குப் பிறகென்றால் வாடகை உயர்வுக்கு அநேகமாக உச்சவரம்பு இல்லை. மற்ற வீடுகளுக்கு 2026இல் வரம்பு 2.1 சதவீதம். புரொபோசல் தவணை ஐந்து வருடம்வரை ஓடும். வரம்பில்லாத வீட்டில் இரண்டாம் வருடம் 300 டொலர் ஏறினால் அது எங்கிருந்து வரும் என்பதை இப்போதே கணக்குப் பாருங்கள்.

ஏனென்றால் மூன்று மாதத் தவணை அளவுக்குப் பாக்கி விழுந்தால் புரொபோசல் தானாகவே ரத்தாகும். பழைய கடன்காரர்கள் திரும்பி வருவார்கள். புதுவாடகை கையைக் கடிக்கும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே புரொபோசலைத் திருத்துவது பற்றி ட்ரஸ்டியிடம் பேசுங்கள். புது விலாசத்தையும் அவருக்கு அறிவிக்கவேண்டும். வாடகை 1ஆம் திகதி போகுமென்றால் தவணையை 15க்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் ஒரே நாளில் இழுக்கப்பட்டு ஒன்று திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், வீட்டுக்காரர் ஒரு கட்டணம்.

பழைய வீட்டுக்கு என்9 என்ற, வாடகைக்காரர் வீட்டைவிடும் படிவத்தில் 60 நாள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அது வாடகைக் காலத்தின் கடைசி நாளில் முடியவேண்டும், ஒரு வருட லீஸ் ஓடிக்கொண்டிருந்தால் லீஸ் முடிகிற நாளுக்கு முன்னல்ல. புதுவீட்டின் ஒன்ராறியோ நிலையான லீஸில் வீட்டுக்காரர் கையெழுத்து விழும்வரை என்9ஐக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் ‘ஓகே ஆயிற்று’ என்று போனில் சொன்னது கணக்கில் வராது.