தமிழ்ச் சொற்களுக்கு ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி: நாமே எழுதிப் பழகலாம்

ஃபங்ஷன் எழுதப் பழகுகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பயிற்சி, சொல்லின் முதல் எழுத்தை கேப்பிட்டல் ஆக்குவது. தமிழில் அதற்கு வேலையே இல்லை. நமக்குத் தேவையானது எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் ஒரு ஃபங்ஷன். அது கையில் இருந்தால் மற்றவை மளமளவென்று வந்துவிடும்.

பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் (சுருக்கமாக நோட்), 20 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் போதும். ஒரு ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல். லோடாஷ் போன்ற லைப்ரரிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். பழகும் காலத்தில் நம் கையால் எழுதுவதுதான் மனதில் நிற்கும்.

முதல் ஃபங்ஷன்: எழுத்துகள்

‘தமிழ்’ என்ற சொல்லின் லெங்த்தைக் கேட்டுப் பாருங்கள். 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று புள்ளி வைத்து ஸ்ப்ரெட் செய்தாலும் அதே 5தான். நமக்கு வேண்டியது 3.

இதற்காகவே ஜாவாஸ்கிரிப்ட்டில் மொழி சார்ந்த வேலைகளுக்கென்று உள்ள இன்ட்டல் (Intl) என்ற ஆப்ஜெக்ட்டுக்குள், உரையைத் துண்டாக்கும் செக்மென்ட்டர் (Segmenter) இருக்கிறது. மொழிக்கு ‘டிஏ’ (ta, தமிழின் குறியீடு), எந்த அளவில் துண்டாக்குவது என்று சொல்லும் கிரானுலாரிட்டிக்கு (granularity) ‘கிராஃபீம்’ (grapheme, அதாவது கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்று கொடுத்து ஒன்றை உருவாக்குங்கள். இதை ஃபங்ஷனுக்கு வெளியே ஒரே தடவை செய்துவிடுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உருவாக்குவது வீண் சுமை.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். செக்மென்ட் மெத்தடை அழைத்தால் அர்ரே கிடைக்காது. அதில் லெங்த் கேட்டால் அன்டிஃபைன்ட் வரும், எர்ரர்கூட வராது. அர்ரே.ஃப்ரம் கொண்டு அதை அர்ரேயாக மாற்ற வேண்டும். மாற்றினாலும் உள்ளே இருப்பவை எழுத்துகள் அல்ல, ஆப்ஜெக்ட்டுகள். ஒவ்வொன்றிலும் செக்மென்ட் என்ற ப்ராப்பர்ட்டியில்தான் எழுத்து இருக்கிறது. ஒரு மேப் போட்டு அதை மட்டும் எடுத்தால் த, மி, ழ் வந்து நிற்கும்.

அடுத்தவை

எண்ணிக்கை: மேலே வந்த அர்ரேயின் லெங்த். தலைகீழ்: அதையே ரிவர்ஸ் செய்து, வெற்று ஸ்ட்ரிங் கொடுத்து ஜாயின். இரண்டும் ஒற்றை வரிதான்.

சோதிக்க ‘விகடகவி’யை விட நல்ல சொல் கிடையாது. ஸ்ப்லிட், ரிவர்ஸ், ஜாயின் என்ற வழக்கமான வழியில் திருப்பினால் இகரக் குறி முன்னால் வந்து தொங்கும். நம் ஃபங்ஷனில் அதே சொல் திரும்பி வரும். ‘தேரு வருதே’க்கு முதலில் இடைவெளியை நீக்கிவிடுங்கள். டெஸ்ட்டுக்கு நோட்டிலேயே உள்ள டெஸ்ட் ரன்னர் போதும், ஜெஸ்ட் போன்ற தனி டெஸ்ட் லைப்ரரி வேண்டாம்.

வரிசை: கடல், கனவு, கவிதை மூன்றையும் வெறும் சார்ட் செய்தால் இதே வரிசையில்தான் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து, வ-வுக்கு முன்பே உட்கார்ந்திருப்பதே காரணம். அகராதி வரிசையில் ன கடைசி மெய் என்பதால் கடல், கவிதை, கனவு என்றுதான் வர வேண்டும். மொழியின் வரிசைப்படி சொற்களை ஒப்பிடும் இன்ட்டல்.கொலேட்டரை (Intl.Collator) ‘டிஏ’ கொடுத்து உருவாக்கி, அதன் கம்பேர் மெத்தடை, வரிசைப்படுத்திய புது அர்ரேயைத் தரும் டுசார்ட்டட்-க்குக் (toSorted) கொடுங்கள். சார்ட் மூல அர்ரேயையே மாற்றிவிடும் என்பதால் நான் எப்போதும் டுசார்ட்டட் பக்கம்தான்.

பின்சேர்க்கை 1: திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘தொடு’க்களை ஒப்பிட்டால் ஃபால்ஸ் வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். முதல் வகையில் லெங்த் 4, இரண்டாவதில் 5. ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும், இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் (normalize) மெத்தடை அழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பின்சேர்க்கை 2: ‘க்ஷ’வை செக்மென்ட்டர் க், ஷ என்று இரண்டாகத்தான் தரும். ‘ஸ்ரீ’யும் அப்படியே. ஒன்றாக வேண்டுமென்றால் அர்ரே கிடைத்த பிறகு, ‘க்’-ஐ அடுத்து ‘ஷ’வில் தொடங்கும் துண்டு வந்தால் இரண்டையும் ஒட்டிவிடுங்கள். இதை ‘எழுத்துகள்’ ஃபங்ஷனுக்குள்ளேயே செய்தால் எண்ணிக்கையும் தலைகீழும் தாமாகவே சரியாகிவிடும்.