ரிவர்ஸ் சென்சார் கத்துதா? பம்பரில் கை வைக்கும் முன்

போன மாங்காய் சீசனில் ராயக்கோட்டை பக்கம் ஒரு தோப்பில் நாலு நாள் காரை நிறுத்தி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் ரிவர்ஸ் போட்டதும் ஒரே இழுப்பாக ‘கீ…’ என்று கத்திவிட்டு சென்சார் அடங்கிப் போனது. பின்னால் மாமரமே நின்றாலும் மூச்சில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் காட்டினேன். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “நாலும் அவுட்டுங்க சார், மாத்திடலாம்” என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். நாலு புது சென்சார் போட்டு ரிவர்ஸ் போட்டால், மறுபடி அதே ‘கீ…’.

கடைசியில் கண்டுபிடித்தது பைபாஸ் ஓரம் லாரி வயரிங் பார்க்கும் ஒரு எலக்ட்ரீஷியன். பம்பரிலிருந்து டிக்கிக்குள் வயர் நுழையும் இடத்தில், ரப்பர் வளையத்தை ஒட்டி, எலி ஒரு வயரைக் கடித்து வைத்திருந்தது. இரண்டு அங்குல வயர், அரை மணி நேர வேலை. பழைய நாலு சென்சாரும் நன்றாகவே இருந்தன. அவை இன்னும் என் வீட்டு மேசை டிராயரில் கிடக்கின்றன.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். நோய் எது என்று பார்க்காமல் மருந்து எழுதினார், அவ்வளவுதான். ரிவர்ஸ் சென்சார் விஷயத்தில் நடக்கும் முதல் தவறே எல்லாக் கோளாறையும் ஒன்றாக நினைப்பது. மூன்று விதமான கோளாறுகள் உண்டு. ரிவர்ஸ் போட்டவுடன் சில விநாடி நீளமாகக் கத்திவிட்டு அமைதியாகிறதா? பல வண்டிகளில் அதற்கு அர்த்தம், சிஸ்டம் தன்னைத்தானே சோதித்து ‘எனக்குள் ஏதோ அறுந்திருக்கிறது’ என்று சொல்கிறது. பின்னால் ஒன்றுமே இல்லாமல் விடாமல் கத்துகிறதா? அப்படியானால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. எதையோ தடை என்று நினைக்கிறது. சேறு, தண்ணீர்த் துளி, வளைந்து வெளியே நீட்டிய நம்பர் பிளேட், இடிபட்டுத் தரையைப் பார்த்துச் சாய்ந்த சென்சார், இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். சுத்தமாகச் சத்தமே இல்லையா? முதலில் ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று பாருங்கள். கடையில் பொருத்திய செட்டுகளுக்குக் கரண்டே பெரும்பாலும் அந்த லைட் வயரிலிருந்துதான் போகிறது. ஃபியூஸோ கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்சோ போயிருந்தால் சென்சாரைத் திட்டிப் பயனில்லை. அதற்கு யாரும் சோறே போடவில்லை.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சென்சாருக்குள் இருக்கும் சின்ன வில்லை சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 40 ஆயிரம் தடவை) அல்லது அதற்குச் சற்று மேல் அதிர்ந்து ஒலி அனுப்புகிறது. நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு சரி, அதனால் அந்த ஒலி கேட்காது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அதே வில்லை வாங்கிக்கொள்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து எதிரொலி வர விநாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம்தான். இத்தனை நுணுக்கமாக அதிரும் முகத்தின் மேல் கிரானைட் லாரிக்குப் பின்னால் போன தூசியும் தூறலும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி படிந்தால் என்ன ஆகும்? முதல் வைத்தியம் ஈரத் துணிதான். இதற்குக் கூடவா கடைக்குப் போவது!

அடுத்து விரல் சோதனை. தட்டையான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி உள்ளே உட்காரட்டும். ஒவ்வொரு சென்சார் மேலும் விரல் நுனியை வையுங்கள்; காதைக் கிட்டே கொண்டுபோனாலும் சரி. உயிருள்ள சென்சார் மெல்ல ‘டிக் டிக் டிக்’ என்று துடிக்கும். மூன்று துடித்து ஒன்று மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் அதன் மேல்.

ஆனால் நாலுமே துடிக்காவிட்டால் நாலும் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். என் கதையில் சறுக்கியது இங்கேதான். பல வண்டிகளில் ஒரு சென்சாருக்குப் போகும் ஒரு வயர் அறுந்தாலே கண்ட்ரோல் பாக்ஸ் மொத்த வரிசையையும் நிறுத்திவிடும்.

சந்தேகப்படும் சென்சாரைப் பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை. கோளாறு கூடவே நகர்ந்தால் சென்சார் குற்றவாளி. அதே இடத்தில் நின்றால் வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), பாக்ஸ் ஆகியவற்றில் ஒன்று. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் பின் சென்சார் கட்டாயம். அதனால் அதற்குப் பிந்தைய வண்டிகளில் கம்பெனி சென்சாரே இருக்கும், பெரும்பாலும் மூன்று வயர். பழைய வண்டிகளில் கடையில் போட்டது, பெரும்பாலும் இரண்டு வயர். கடை செட் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டிக்கிக்குள் டெயில் லேம்ப் பக்கம் ஒளிந்திருக்கும் பாக்ஸில் ஏ, பி, சி, டி என்று நாலு பிளக் இருக்கும். அங்கேயே ஏ-யையும் பி-யையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இங்கே கோளாறு பிளக்கோடு நகர்ந்தால் சென்சாரோ அதன் வயரோ, நகராவிட்டால் பாக்ஸ். பம்பரைத் தொடவே வேண்டாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் மூன்று வயர் சென்சாரை பல்பு மாதிரி ஓம்ஸில் அளந்து ‘போச்சு’ என்கிறார்கள். உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது, அப்படி எடுக்கும் அளவீட்டுக்கு அர்த்தமில்லை. கப்ளரைக் கழற்றி, ரிவர்ஸில் வைத்து, சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். நாலு கப்ளரையும் ஒப்பிட்டால் போதும். கப்ளருக்குள் இருக்கும் உலோக ஊசியில் பச்சைக் களிம்பு தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். எலிக்குச் சிலர் புகையிலை கட்டி வைக்கச் சொல்வார்கள். எங்கள் தோப்பு எலி அதை மதிக்கவில்லை.

சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதியானால், முகம் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். முதுகில் இருக்கும் பார்ட் நம்பர்தான் பேசும். சில கார்களில் நடுச் சென்சாருக்கும் மூலைச் சென்சாருக்குமே கோணம் வேறு.

பெயிண்ட் விஷயம் தனிக் கொடுமை. டிங்கரிங் முடித்து பம்பர் பளபளவென்று வரும், சென்சார் மட்டும் குருடாகியிருக்கும். சென்சாரைக் கழற்றாமலே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் கலர், ஒரு கோட் கிளியர். அத்தனை கனத்தில் வில்லை எப்படி அதிரும்? சென்சாரைச் சுற்றியுள்ள சிலிக்கான் வளையமும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, பம்பரின் அதிர்வெல்லாம் உள்ளே வரும். கலர் வேண்டுமென்றால் கழற்றி வைத்து, வளையத்தை நீக்கி, முகத்துக்கு மட்டும் மெல்லிய பூச்சு. வண்டியை டிங்கரிங்குக்கு விடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பம்பரைக் கழற்றும்போது ஒருவராக இழுக்காதீர்கள், உள்ளே வயர் கப்ளர் இன்னும் மாட்டியிருக்கும். ஓசூர் பக்கம் மார்கழிக் காலையில் பிளாஸ்டிக் கிளிப் சட்டென்று உடையும், வெயில் ஏறட்டும். கடை சென்சாரில் ‘அப்’ என்று அம்புக்குறி இருந்தால் அது வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் தரையைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் உண்டு. டோல்கேட்டில் பக்கத்து லாரி ஏர் பிரேக்கை ‘புஸ்’ என்று விட்டால் அந்தச் சீறலில் இருக்கும், நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி சென்சாரைக் குழப்பும். பலத்த மழையும் அப்படித்தான். மாறாக, மெல்லிய கம்பி வேலி, தாழ்ந்த கல், வைக்கோல் போர் ஆகியவற்றை நல்ல சென்சாரே கோட்டை விடும். வைக்கோல் ஒலியை விழுங்கிவிடும். வாட்டர் வாஷில் பிரஷர் நாசிலை சென்சாரில் ஒட்டிப் பிடிக்க விடாதீர்கள், ஒரு முழமாவது தள்ளி நிற்கட்டும்.

புதுசு மாட்டியதும் பம்பரை மூடுமுன் சோதியுங்கள். வண்டியை நகர்த்தாதீர்கள், அட்டைப்பெட்டியை நகர்த்துங்கள். ஒன்றரை மீட்டரிலிருந்து ஒவ்வொரு சென்சாருக்கும் நேராகக் கொண்டுவாருங்கள். எலி கடித்த வயரைச் சரிசெய்த அன்று எனக்கு மூன்று கத்தின, இடது மூலை மட்டும் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. “இன்னொரு சென்சாரா அண்ணா?” என்றேன். எலக்ட்ரீஷியன் பதில் சொல்லாமல் கப்ளரைக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டது.